கோபுரமாக அளந்த மருந்து

“இவ்ளோதானா?”

என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பேர் கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை, சமைக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. என் கையிலிருந்த குட்டிப் பித்தளைக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “இன்னாம்மா, இவ்ளோதானா?” என்று இன்னொரு முறையும் கேட்டுவிட்டார்.

கிண்ணத்தில் இருந்தது துப்பாக்கி மருந்து. இடம், செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டோரம் ஒரு மல்லாட்டைக் கொல்லை. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. நான் வேர்க்கடலை என்று எழுதினால் எங்கள் ஊர்க்காரர்கள் என்னைப் பட்டணத்துக்காரி ஆகிவிட்டாள் என்பார்கள். அந்த வம்பு எனக்கு வேண்டாம். இந்தத் தொடர் முடிகிற வரைக்கும் மல்லாட்டைதான்.

செடி பிடுங்கி முடித்த கொல்லை. பின்னால் ராஜகிரி மலை முழுசாகத் தெரிந்தது. நடுவில் ஒரு பெரிய குடை, குடைக்குக் கீழே மேஜை, மேஜைக்குப் பின்னால் நான். கறுப்பு டீ-ஷர்ட், முட்டி வரைக்கும் செம்மண், காதில் பஞ்சு. பெண் பார்க்கிற கோலமா அது?

ஏற்பாடு எல்லாம் கோவிந்தன் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. “வூட்டுக்கு வந்து பாத்தா பொண்ணுக்கு டென்ஷன் ஆவும். ஷூட்டிங் பாக்க வந்த மாதிரி வந்து பாத்துட்டு, அப்பறம் வூட்ல வந்து கேசரி சாப்புடட்டும்” என்று அவரே பேசி அவரே முடிவு செய்துவிட்டார். எனக்குச் சொன்னது அன்று காலையில். அதுவும் நைனா, அதாவது என் அப்பா, டீ குடித்துக்கொண்டே சொன்னார். “மூணு மணிக்கு வராங்க. மூஞ்சியக் கழுவிக்க.”

வந்தது இரண்டு பேர். மாப்பிள்ளை சதீஷ், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அவருடைய அம்மா பச்சையம்மாள், சீயமங்கலம் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். சதீஷ் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஹீரோ உட்கார்ந்திருந்த கேரவனைப் பார்க்க ஆரம்பித்தவர் சாயங்காலம் வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குற்றம் சொல்ல மாட்டேன். என்னைவிட ஹீரோ நன்றாகத்தான் இருந்தார்.

அவர்கள் பக்கம் ஒரே ஒரு கண்டிஷன் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வெடி வேலை கூடாது. கோவிந்தன் மாமா அதற்கும் என்னைக் கேட்காமலே சரி சொல்லியிருந்தார்.

*எனக்கு இருந்த வேறு பரீட்சை*

சென்னையில் சினிமாவுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடுகிற கம்பெனியில் எண்ணெய் துடைக்கச் சேர்ந்த கதையை முன்பே சொல்லிவிட்டேன். அதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர் ஒருவர் போன் செய்து, “ஒரு பொண்ணுக்கு எதுக்கும்மா இந்த வேலை?” என்று கேட்டார். “உங்களுக்கு எதுக்கு சார் இந்தக் கவலை?” என்று நானும் கேட்டேன். அவரும் வைத்துவிட்டார், நானும் வைத்துவிட்டேன்.

அல்போன்ஸ் அண்ணன் அந்தக் கம்பெனியின் மேஸ்திரி மாதிரி. வியாசர்பாடிக்காரர். எந்த செட்டுக்குப் போனாலும் துப்பாக்கி மேஜைக்கு அவர்தான் ராஜா. இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் பாதி பாதிதான் இருக்கும். எப்படி என்று கேட்டால், “கொசுறு” என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். கேட்டால் திட்டுவார்.

அன்றைய படம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை. கலெக்டர் துரை மாதிரி ஒருவர் செஞ்சிக் கோட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டு சுட வேண்டும். கோட்டைக்குள் நெருப்புக் குச்சி கிழிக்கக்கூட விட மாட்டார்கள். அதனால் வெளியே ஒரு கொல்லையைப் பிடித்திருந்தார்கள். இந்தக் காலத்து டப்பாஸ் தோட்டாவில், அதாவது குண்டில்லாத வெற்றுத் தோட்டாவில், புகை வராது. டைரக்டருக்குப் புகை வேண்டும், வெள்ளை வெள்ளையாகப் புகை வேண்டும். ஆகவே பழைய மாடல் ரிவால்வர், கருமருந்து.

அன்று காலை அல்போன்ஸ் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் குடுவையைக் கையில் கொடுத்தார். “அஞ்சல, இன்னிக்கு நீயே போடு. நான் கையக் கட்டிக்கினு பாக்கறேன். ஒழுங்கா முடிஞ்சுதுன்னா அடுத்த படத்துக்கு உன்னத் தனியா அனுப்பறேன். எதனா கோளாறு பண்ண, வண்டியில ஏறாத. உங்க ஊர்தானே, இங்கியே இருந்துக்க.”

இங்கியே இருந்துக்க என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று மணிக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பச்சையம்மாள் ரூபத்தில் அர்த்தம் என் எதிரிலேயே வந்து நின்றது. தவறாமல் ரிவால்வரின் ஆறு பொந்துக்கும் மருந்து போட்டால் சென்னை, தனி மேஜை, என் பேரில் வேலை. தவறினால் சீயமங்கலம். எனக்கு சீயமங்கலத்தின் மேல் ஒரு கோபமும் இல்லை. அங்கே இருக்கிற குகைக் கோயில் சிங்கத்தை நான் பள்ளிக்கூட டூரில் பார்த்திருக்கிறேன், அழகான சிங்கம். ஆனால் அதை தினமும் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

*குடுவையும் கிண்ணமும்*

மருந்துக் குடுவை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைக் குடுவை, பேரிக்காய் மாதிரி. வாயில் ஒரு சின்னக் குழாய். அந்தக் குழாய்தான் அளவு. குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு குடுவையைக் கவிழ்க்க வேண்டும். கட்டை விரலால் பக்கத்திலிருக்கிற விசையை அமுக்கினால் உள்ளே ஒரு கதவு திறந்து மருந்து குழாய்க்குள் இறங்கும். விசையை விட்டால் கதவு மூடிக்கொள்ளும். குழாயில் நிற்பது ஓர் அளவு. கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

அதையும் நேராகத் துப்பாக்கியில் கொட்டக் கூடாது. முதலில் கிண்ணத்தில் கொட்டிக் கண்ணால் பார்த்துவிட்டு, கிண்ணத்திலிருந்து பொந்துக்கு. ரிவால்வர் உருளையில் ஆறு பொந்து. சினிமா என்பதால் குண்டு கிடையாது. மருந்துக்கு மேலே ரவை போட்டு விரலால் அமுக்கி, மெழுகு தடவி மூட வேண்டும். ஆமாம், உப்புமா ரவைதான். பாம்பே ரவை, வறுக்காதது. சுடும்போது அது பொடிந்து காற்றோடு போய்விடும். தீபாவளித் துப்பாக்கிக்கு வைக்கிற மாதிரி கேப்பு ஒன்று உண்டு, அதைக் கடைசியில், ஷாட்டுக்குப் போகும்போதுதான் மாட்டுவோம்.

இதில் எங்கேயும் தாராளத்துக்கு இடமே கிடையாது. அங்கேதான் எங்கள் ஊருக்கும் இந்தத் தொழிலுக்கும் ஒத்துவராமல் போயிற்று.

*தலைவழித்தால் சண்டை*

எங்கள் பக்கம் மல்லாட்டை ஆய்கிற கூலியை இன்றைக்கும் அளந்துதான் கொடுப்பார்கள். படியில் தலைவழித்து, அதாவது மேலே நிற்பதை விளிம்போடு வழித்துத் தள்ளி, அளந்தால் கொல்லையிலேயே சண்டை. அளவு என்றால் கோபுரமாக நிற்க வேண்டும், கோபுரத்திலிருந்து நாலு மல்லாட்டை சரிந்து கீழே விழ வேண்டும். விழுந்ததையும் பெண்கள் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்வார்கள். அது கணக்கில் வராது. மீறிக் கணக்குப் பார்த்த ஒரு கொல்லைக்காரரை என் அம்மா கேட்ட கேள்வியை நான் இங்கே எழுத முடியாது. இது குடும்பங்கள் படிக்கிற பத்திரிகை.

முதல் அளவை ஒன்று என்று சொல்லவும் மாட்டோம். “லாபம்” என்று சொல்லித்தான் ஆரம்பிப்போம். அப்புறம் ரெண்டு, மூணு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் முதல் பொந்துக்கு “லாபம்” என்றேன். அல்போன்ஸ் அண்ணன், “துப்பாக்கியில உனக்கு இன்னாமே லாபம்?” என்று கேட்டு, ஒன்று என்று சொல்லப் பழக்குவதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

என் நைனாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நைனாவுக்கு வறுத்த மல்லாட்டை வண்டி. செஞ்சியில் பஸ் மாறினவர்கள் யாரும் அவர் கையால் சாப்பிடாமல் இருந்திருக்க முடியாது. ஆழாக்கை வாணலியில் விட்டு எடுப்பார். கோபுரமாக எடுப்பார். காகிதப் பொட்டலத்தில் கவிழ்ப்பார். அதோடு விடவும் மாட்டார். வலது கை மூன்று விரலால் ஒரு சிட்டிகை அள்ளி மேலே வைப்பார். அந்தச் சிட்டிகையை வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஊருக்கே சோறு போட்டவர் மாதிரி இருக்கும். வியாபாரத்தில் மிஞ்சவேண்டியது எல்லாம் அந்தச் சிட்டிகையில் போகிறது என்று அம்மா திட்டாத நாளில்லை. “கை தாராளமா இருந்தாத்தான்டி ஜனம் நிக்கும்” என்பார்.

இப்படிப்பட்டவரின் மகள் ஊர்க்கோடியில் நின்று, மாப்பிள்ளை வீட்டார் எதிரில், விரல் நுனிக் கிண்ணத்தில் தலைவழித்து அளந்துகொண்டிருந்தாள்.

*ஆளாளுக்குக் கேட்ட கொசுறு*

பச்சையம்மாள் குடையோரமே நின்றார். நான் இரண்டாவது பொந்துக்குப் போட்டேன். “அதுலயும் அவ்ளோதானா?” என்றார்.

“ஆமாத்த. எல்லாத்துலயும் ஒரே அளவுதான்.”

“பெரிய பெரிய ஆளுங்க நடிக்கிற படம். கம்பெனிக்காரன் வாங்கித் தராத மருந்தா?” என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நைனா பக்கம் திரும்பினார். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “பொண்ணு கை ரொம்ப இறுக்கமா இருக்குதே” என்றார். காதில் பஞ்சு வைத்திருந்த எனக்கே கேட்டது.

நைனாவின் முகம் சுண்டிப் போனது. “சின்ன வயசுலேர்ந்து தாராளந்தான்மா. கம்பெனி ரூல்சு அந்த மாதிரி” என்று சமாளித்தார். என் நைனா எனக்காக மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசியது எனக்குச் சுருக்கென்றது.

அத்தோடு போகவில்லை. ஹீரோ கேரவனிலிருந்து இறங்கி வந்தார். “அக்கா, கொஞ்சம் கூடப் போடுங்களேன். டிரெய்லர்ல வர்ற ஷாட்.” முடியாது என்றேன். டைரக்டர் மைக்கில், “அல்போன்ஸ், ஒரு பின்ச் ஏத்திக்கலாமே” என்றார். அல்போன்ஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார். பரீட்சை என்றால் பரீட்சைதான் என்று புரிந்தது. “ஏத்த முடியாது சார். குழாய் அளவுதான்” என்று நானே சொன்னேன்.

பச்சையம்மாள் அதையும் கேட்டார். கேட்டவருக்கும் இல்லை என்கிறாளே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

ஆறு பொந்துக்கும் மருந்து போட்டு, ரவை போட்டு அமுக்கிவிட்டேன். மெழுகு தடவ வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு கேமரா வரைக்கும் வந்துவிட்டது. ஊர்ப் பொண்ணு சொன்னால்தான் கேட்பார்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் குடுவையை அல்போன்ஸ் அண்ணன் கையில் கொடுத்தேன். “அண்ணே, மேஜை.” அவர், “பாத்துக்கறேன், போ” என்றார்.

நான் போய்க் கத்தினேன். என் ஊர்க்காரர்களைக் கத்தி நகர்த்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. பாதிப் பேர் என்னைச் சாப்டியா என்று விசாரித்தார்கள், மீதிப் பேர் ஹீரோவுக்கு என்ன வயசு என்று விசாரித்தார்கள்.

நான் இல்லாதபோது நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று கேட்க டைரக்டர் அல்போன்ஸ் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறார். மேஜையை யாரை நம்பி விடுவது? லைட்மேன்கள் எல்லாம் பீடி குடிக்கிறவர்கள். நைனா பீடி தொடாதவர், பெண்ணைப் பெற்றவர், மதியமே சூடாக மல்லாட்டை கொடுத்து அண்ணனைச் சிநேகம் பிடித்துவைத்திருந்தார். அண்ணன் குடுவையை மேஜைமேல் வைத்துவிட்டு, “நைனா, ஒரு நிமிசம் பாத்துக்க. எவனையும் கிட்ட வுடாத” என்றார்.

“ஈ காக்கா அண்டாது” என்றார் நைனா.

அண்டவும் இல்லை. நைனாவைத் தவிர வேறு யாரும் அந்த மேஜைக்கு அருகில் வரவில்லை.

*ரவைக் கோபுரம்*

நான் திரும்பியபோது வெயில் மலையோரம் இறங்கிவிட்டது. “லைட் போகுது, கன்னைக் கொண்டு வாங்க” என்று டைரக்டர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். அல்போன்ஸ் அண்ணனும் வந்துவிட்டார். நைனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி நின்றிருந்தார்.

நான் மெழுகை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

நான் ரவையை அமுக்கி, பொந்தின் விளிம்புக்குக் கீழே நிறுத்தியிருந்தேன். இப்போது ஆறு பொந்திலும் ரவை விளிம்பைத் தாண்டி நின்றது. கோபுரமாக நின்றது. ஒவ்வொரு கோபுரத்தின் தலையிலும் மூன்று விரலால் வைத்த ஒரு சிட்டிகை.

அது யார் கை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

“நைனா, இன்னா பண்ண?”

“இன்னா பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. கொஞ்சம் கொறையா தெரிஞ்சுது, மேல நெரவி வுட்டேன்.”

“எத்த வெச்சி?”

“ரவதான். அதோ, பாக்கெட் தெறந்து கெடந்துச்சே.”

“குடுவையத் தொட்டியா?”

“தொடல” என்றார்.

சொன்னார், ஆனால் ஒரு மூச்சு தள்ளிச் சொன்னார். நைனாவுக்குச் சர்க்கரை. கடைத்தெருவில் ஜிலேபி தின்றுவிட்டு வீட்டுக்கு வருகிற நாட்களில், தின்றாயா என்று அம்மா கேட்டால் இதே மாதிரி ஒரு மூச்சு தள்ளித்தான் இல்லை என்பார்.

“நெஜமா தொடலையா?”

“உங்கம்மா மேல சத்தியமா தொடல. போதுமா?”

போதவில்லை. கண்ணால் பார்க்காததை நம்பினால் விரல் போகும். எனக்குப் போனாலும் பரவாயில்லை, துப்பாக்கியைப் பிடிக்கப்போகிறவர் வேறொருவர். ஆனால் நிறுத்தினால் வெளிச்சம் போய்விடும், ஷாட் போய்விடும், என் பரீட்சையும் அத்தோடு போய்விடும். கோளாறு என்றால் கோளாறுதானே, யார் பண்ணினால் என்ன? நான் நிஜமாகவே பயந்தேன். ஒரு நிமிஷம், மெழுகைத் தடவிக் கொடுத்துவிடலாமா என்றுகூட மனசு கேட்டது. ரவைதான் என்று சத்தியம் செய்கிறாரே.

“ஷாட் வாணாம்ணே” என்றேன். “எல்லாத்தையும் கொட்டணும்.”

டைரக்டருக்கு மைக் தேவைப்படவில்லை. “யாரும்மா நீ? பேட்டா வாங்கற அசிஸ்டென்ட், என் ஷாட்டை நீ நிறுத்துவியா? ரவைதான்னு அந்தப் பெரியவர் சொல்றாருல்ல?”

“பெத்தவரு சத்தியம் பண்றாரும்மா” என்றார் பச்சையம்மாள். “அதுக்கு மேல இன்னா வேணும் உனக்கு?”

நைனா என்னையே பார்த்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் பஸ் ஏறினவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அல்போன்ஸ் அண்ணன் மட்டும் சத்தமில்லாமல் கேட்டார். “நீ இன்னா சொல்ற?”

“கொட்டணும்ணே.”

“கொட்டு.”

*காகிதத்தில் விழுந்தது*

உருளையைக் கழற்றினேன். வெள்ளைக் காகிதத்தை விரித்து, முதல் பொந்தைக் கவிழ்த்துத் தட்டினேன். மேலே இருந்த ரவை, அடியிலிருந்த மருந்து. அவ்வளவுதான். “பாத்தியா?” என்றார் டைரக்டர். அடுத்த பொந்து. ரவை, மருந்து. “ரவைதானேம்மா.” அடுத்தது. ரவை, மருந்து. பின்னால் யாரோ சிரித்தார்கள். கூட்டத்திலிருந்து, “ஏ அஞ்சல, உப்புமா எப்ப ரெடியாவும்?” என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். இன்று வரை அவர் கடையில் நான் எதுவும் வாங்குவதில்லை.

மலைமேல் ஒரு கீற்று வெயில்தான் மிச்சம் இருந்தது. கடைசிப் பொந்தைக் கவிழ்த்தேன்.

ரவை. கறுப்பு. மறுபடியும் ரவை. மறுபடியும் கறுப்பு.

சிரிப்பு நின்றது.

“அது வந்து...” என்றார் நைனா. “ஒருவாட்டி அமுக்கிப் பாத்தேன். ஒண்ணும் வுழல. அதான் தொடாத கணக்குன்னு...”

வெறும் குடுவையா அது, விழாமல் இருக்க? நேராகப் பொந்தின் மேல் கவிழ்த்து அமுக்கியிருக்கிறார். மருந்து ரவைக்கு மேல் விழுந்திருக்கிறது. கறுப்பாகத் தெரிந்ததும் பயந்துபோய் அதன்மேல் ரவையைப் போட்டு மூடியிருக்கிறார். பிறகு, ஒன்றுக்கு மட்டும் ரவை கூடப் போட்டால் நன்றாக இருக்காது என்று ஆறுக்கும் போட்டுச் சமமாக்கியிருக்கிறார். அதுதான் என் நைனா. ஒருத்தருக்குக் கொடுத்தால் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கொடுப்பவர்.

நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நைனாவைப் பார்த்துக் கத்தினேன். “இது மல்லாட்டையா நைனா? கையி போயிடும், தெரியுமா உனக்கு? எவனோ ஒருத்தன் கையி போயிருக்கும், உன்ன ஜெயில்ல வெச்சிருப்பாங்க, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு...” அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அம்மா ஊர் முழுக்கச் சொல்லுவாள்.

ஹீரோ காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கேரவனுக்குப் போய்விட்டார். சதீஷ் அவர் பின்னாலேயே போனார்.

வெளிச்சம் போய்விட்டது. டைரக்டர் அல்போன்ஸ் அண்ணனிடம், “நாளைக்கு அந்தப் பொண்ணு செட்டுக்கு வரக் கூடாது” என்றார். இரட்டை மருந்தைக் கண்டுபிடித்தவள் நான். ஆனாலும் கெட்டது அவருடைய ஷாட், போட்டது என்னுடைய நைனா. அண்ணன் குடுவையைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வண்டியில் ஏறும்போது என்னிடம், “மேஜைய வுட்டுட்டுப் போனது நானு. அது என் தப்பு” என்று மட்டும் சொன்னார். ஏறு என்று சொல்லவில்லை. நானும் ஏறவில்லை. இது என் ஊர்தானே.

*கேசரி*

வீட்டில் அம்மா கேசரி கிண்டி, முந்திரி வைத்து, தட்டில் வட்டமாக வழித்துவைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை, நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். நைனா வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

“ஆயிரம் பேர் எதிர்ல சத்தியம் பண்ணேன். பெத்த பொண்ணு நம்பல” என்றார். என்னிடம் இல்லை, சுவரிடம்.

“பொய் சத்தியம்தானே பண்ண?” என்றேன்.

“யார் மேல சத்தியம் பண்ணாரு?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். ஆனால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வந்து நைனா எதிரிலிருந்த கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எப்படியும் அவர் சாப்பிடக் கூடாததுதான்.

நானும் சாரி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் நைனா என்னோடு பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. அவர் கோபித்து நான் பார்த்ததே கிடையாது. வேலை போனதைவிட அது பெரிசாக இருந்தது. அவர் படுக்கிறவரைக்கும் ஏதாவது கேட்பார், ஏதாவது திட்டுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை.

காலையில் முதல் போன் அல்போன்ஸ் அண்ணனிடமிருந்து வந்தது. “ஹீரோ தம்பி ராவெல்லாம் தூங்கலியாம். அந்த அக்கா போட்டாத்தான் துப்பாக்கியத் தொடுவேன்னு நிக்குது. டைரக்டரும் சரின்னுட்டாரு. சாவி வண்டியில வருது. எனக்கு இடுப்புப் புடிச்சிக்கிச்சி, நான் லாட்ஜ்லியே இருக்கறேன். நீயே போய்ப் பாத்துக்க.”

அண்ணனுக்கு இடுப்பு வலி என்று அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. சரிண்ணே என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டாவது போன் கோவிந்தன் மாமா. நைனா மல்லாட்டைக்கு வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார், கையெல்லாம் கரி. அதனால் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

“மாமா, அவங்க வாணான்னுட்டாங்க” என்றார் கோவிந்தன் மாமா. “கை இறுக்கம்னாலும் பரவால்லியாம், சிக்கனம்னு எடுத்துக்குவாங்களாம். ஆனா பெத்த நைனா சத்தியம் பண்ணியும் நம்பாத பொண்ணு, நாளைக்கு மாமியா பேச்ச எங்க நம்பப் போவுதுன்னு கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?”

நைனா தேய்ப்பதை நிறுத்தினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கதவோரம் செருப்பில் காலை நுழைத்தபடியே நின்றேன். நேற்று பச்சையம்மாள் என் எதிரிலேயே சொன்னது போதாதென்று இனி ஊர் முழுக்கச் சொல்வார்கள், நைனாவும் ஆமாம் என்பார், கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்று நினைத்தேன்.

நைனா கரிக் கையோடு போனை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்தார்.

“யோவ் மச்சான். எவனையும் நம்பாம இருக்கறதுக்குத்தான்யா என் பொண்ணுக்குச் சம்பளமே குடுக்கறாங்க. போய்ச் சொல்லு அவங்க கிட்ட” என்றார்.

போனைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பாமலே வாணலியைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை ஊற்றினார்.

“வண்டி வந்துடுமில்ல, கெளம்பு” என்றார். “நானும் பாக்க வரேன். தூரமாவே நிக்கறேன்.”